இரண்டாவது உலை

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? இங்கே நாங்கள் இருவரும் நலம்.

போனில் சொல்ல வேண்டியதை உட்கார்ந்து எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் நாம் பேசுவதில்லை அண்ணா, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கத்துகிறோம். போன வாரம் நான் பாதி சொல்வதற்குள் நீ வைத்துவிட்டாய். அது தெரியாமல் மீதியை நான் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்தில் நின்று சிரித்தார். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. எரிச்சல் வந்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படி. கிழிக்க மட்டும் வேண்டாம்.

ஆஸ்பத்திரிக் குப்பையை எரிக்க நீ இரண்டாவது உலை போடப் போகிறாய் என்று அண்ணி சொன்னார். அதனால்தான் இந்த அவசரம். ஊரார் சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரியும், குழந்தைகள் ஆஸ்பத்திரியும், கண் ஆஸ்பத்திரியும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலை ஒன்று அதில் கூட்டு. நகராட்சியும் உண்டு. ஆபரேஷன் தியேட்டரில் ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற கவுன், விரிப்பு எல்லாம் படிப்படியாக நிற்கப் போகிறது. துணியில் தைத்ததை வெளுத்து, நீராவியில் கிருமி நீக்கி, திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வோம். குப்பையையும் பிரிக்கப் போகிறோம். ரத்தம் படாத உறையும் அட்டையும் இனி உன் லாரியில் ஏறாது. தியேட்டர் பக்கத்துப் பொறுப்பு முழுவதும், ஹெட் நர்ஸ் என்ற முறையில், என் தலையில். யாரும் கட்டிவிடவில்லை. நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இது எங்கே ஆரம்பித்தது தெரியுமா? ஒரு கத்தரிக்கோலில். தையல் பிரிப்பதற்கென்று இப்போது பொட்டலமாக வருகிறது. உள்ளே அசல் எஃகில் ஒரு கத்தரிக்கோல், ஓர் இடுக்கி. என் சமையலறைக் கத்தரி அதைவிட மட்டம். ஒரு நூலை வெட்டியதும் அதன் ஆயுள் முடிந்தது, குப்பைக்குப் போக வேண்டும். அன்று எறியக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். புதிதாகச் சேர்ந்த நர்ஸ், "என்ன சிஸ்டர், கை பிடிச்சுக்கிச்சா?" என்று பதறினாள். இத்தனை காலமாகக் கூசாமல் எறிந்த கைதானே அது.

மறுநாள் ஒரு பித்தப்பை ஆபரேஷன் முடிந்ததும், அதில் சேர்ந்த பைகளை எல்லாம் ஒரு காலிக் கட்டிலில் அடுக்கச் சொன்னேன். நோயாளியைவிட அவை அதிக இடம் பிடித்தன. பெரிய சர்ஜன் எட்டிப் பார்த்து, "யாரு இது, அடுத்த பேஷன்ட்டா?" என்றார். அவரை நகர விடாமல் அங்கேயே பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பைகள் உன்னிடம்தான் வருகின்றன. இனி குறையும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையும். புதிய உலைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை யோசி. உன் வயிற்றில் அடிக்க வேண்டும் என்று நான் இதைச் செய்யவில்லை. ஆனால் உனக்காக நிறுத்தவும் மாட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது, உனக்கே தெரியும்.

அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடி ஏறி இறங்க விடாதே. சிட்டுவைப் பரீட்சை முடிந்ததும் இங்கே அத்தையிடம் அனுப்பி வை.

அன்புடன்,
உன் தங்கை


பிப்ரவரி 15

என் அருமை ராங்கிக்கு,

அண்ணன் எழுதுவது. கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிப்பேனோ என்று பயந்து உன் அண்ணி வாங்கி அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டாள்.

குறுக்கே பேச முடியாது என்று எழுதியிருந்தாய். படித்து முடிக்கும்வரை குறுக்கே பேசிக்கொண்டேதான் இருந்தேன். "யாரோட பேசுறீங்க?" என்று அவள் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

நல்ல காரியம் செய்கிறாய், சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது உங்கள் ஆஸ்பத்திரிக் குப்பை எங்கே கிடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பாலத்துக்குக் கீழே கிடந்தது. ரத்தம் ஊறின கட்டுத் துணியை நாய் கவ்விக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் ஓடும். பிள்ளைகள் ஊசிக் குழாயில் தண்ணீர் பீய்ச்சி விளையாடினார்கள். எந்த டாக்டரும் வந்து பார்க்கவில்லை. எந்த அதிகாரியும் அள்ளவில்லை. நான் அள்ளினேன். முதல் லாரிக்கு டிரைவர் கிடைக்காமல் நானே ஓட்டினேன். சொந்தக்காரர்கள்கூட என்னோடு கை குலுக்க யோசித்தார்கள். அந்த உலையை எழுப்பி, எரித்து, ஊரைச் சுத்தமாக்கினவனைப் பார்த்து இன்றைக்கு நீ, அதிகமாக எரிக்கிறாய் என்கிறாய்.

இன்னொன்றும் கேள். பாதி நிரம்பினால் போதும் என்று விட, உலை ஒன்றும் மனிதன் வயிறு இல்லை. போடுவது குறைந்தால் சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் புகை கறுக்கும். குப்பையைக் குறைக்கிறேன் என்று நீ என் புகையைக் கூட்டப் போகிறாய். இதை உன் கூட்டத்தில் ஒருவராவது யோசித்தார்களா? புதிய உலை அப்படி இல்லை. புகையைக் கழுவித்தான் வெளியே விடும். அதை நான் விளையாட்டுக்காகப் போடவில்லை.

ஒரு வருஷம் பொறு. அதுதான் நான் கேட்பது. புதிய உலை ஓடட்டும், வெளியூர் ஆஸ்பத்திரிகளும் எனக்கு வரட்டும். அப்புறம் நீ என்ன வேண்டுமானாலும் துவைத்துக்கொள். உன்னிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சுவரிடம் பேசுகிற பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு அவர்தான் பாவம்.

அன்புள்ள,
அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை நான்கைந்து தடவை படித்தேன். பாலத்துக்குக் கீழே கிடந்ததை நான் மறப்பேனா? நர்ஸிங் படிக்கும்போது என் கூடப் படித்தவளுக்கு அங்கேதான் காலில் ஊசி குத்தியது. நீ அன்று எரித்தது சரி. உன்னைத் தவிர யாரும் செய்யவில்லை என்பதும் சரி. அதை யார் முன்னாலும் சொல்வேன்.

ஆனால் ஒரு வருஷம் பொறுக்க மாட்டேன். உலைக்குப் பசிக்கிறது என்பதற்காக நல்ல கத்தரிக்கோலை அதற்கு ஊட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது. பாதி உலை புகையும் என்றாய். கேட்டு விசாரித்தேன், உண்மைதான். அப்படியானால் சேர்த்து வைத்து, வாரத்தில் சில நாள் மட்டும் நிரப்பி எரி. அதுவரை அழுகாமல் இருக்கக் குளிர் அறை வேண்டும். இரண்டாவது உலையைவிடக் குளிர் அறை கட்டுவது சுலபம்.

இங்கே நடப்பதைக் கேள். துணி கவுனைப் போட்ட முதல் நாள் பெரிய சர்ஜன், "சிஸ்டர், என்னைப் போர்வைக்குள்ள போட்டுச் சுத்திட்டீங்க" என்று எல்லோர் முன்னாலும் குறைப்பட்டார். இப்போது அவர்தான், துணி கவுன் வர ஐந்து நிமிடம் தாமதமானால் வராந்தாவில் நின்று சத்தம் போடுகிறார். சலவை ஆலை முதலாளியம்மா தானே வந்து, தலையில் குல்லாய் மாட்டிக்கொண்டு, ஒரு முழு ஆபரேஷனையும் மூலையில் நின்று பார்த்தார். வெளியே போய் மயக்கமாக உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு முதல் பேச்சாக, "கை மடிப்புல நூல் பிரியுது, இரட்டைத் தையல் போட்டுடறேன்" என்றார். எங்கள் மயக்க டாக்டர் அதிகம் பேசாத மனிதர். அவர் இன்னொரு வேலை செய்தார். மயக்கம் கொடுக்கிற சிரிப்பு வாயு வரும் குழாய் கட்டடம் முழுக்கச் சுவருக்குள் ஓடுகிறதல்லவா, அதில் பெரும்பகுதி நோயாளியின் மூக்குக்கு வருவதற்கு முன்பே கசிந்து வானத்துக்குப் போகிறதாம். வெயிலை இன்னும் கொளுத்துகிற வாயு அது. குழாயை மூடிவிட்டுச் சின்ன சிலிண்டர்களை வைத்துக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் குறையவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். நீயும் வா. எரிக்காமல் நீராவியில் வேகவைத்துக் கிருமியைக் கொன்று, அரைத்து, பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்கிற இயந்திரம் இருக்கிறது. இடம் உன்னிடம் இருக்கிறது, லாரி இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். எரித்தே தீர வேண்டியது கொஞ்சம்தான், அதற்குப் பழைய உலை போதும். இந்தக் கூட்டில் குப்பையை அறிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. கூட்டாளியாக வா அண்ணா. தங்கை சொல்கிறாளே என்று வர வேண்டாம். உனக்கு அது நல்லது என்று வா.

சிட்டு முதல் பரீட்சையை நன்றாக எழுதியதாக அண்ணி சொன்னார். அவளுக்கு என் முத்தம்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

கூட்டாளியாக வா என்று எழுதியிருந்தாய். என் தொழிலை முதலில் பாதியாக்கிவிட்டு, பிறகு மிச்சத்தைக் கொண்டுவா என்று கூப்பிடுகிறாய். குளிர் அறை கட்டு என்கிறாய், இயந்திரம் வாங்கு என்கிறாய். என்னிடம் வேலை பார்க்கிற ஆட்களில் யார் அரைப்பது, யார் வீட்டுக்குப் போவது என்பதையும் நீயே சொல்லிவிடு.

நான் உலைக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உரிமம்தான் பாக்கி. அதற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நேற்று நடந்தது. அங்கே நான் ஒன்று பேசினேன். அதை அடுத்தவர் வாயிலிருந்து நீ கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ஆஸ்பத்திரிகளே துணிக்கு மாறுகின்றனவே, இரண்டாவது உலை எதற்கு என்று கேட்டார். துணியை நம்ப முடியாது என்றேன். அந்த ஆஸ்பத்திரியிலேயே துணி கவுன் வந்த பிறகு குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பஸ் டிரைவருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்திருக்கிறது என்றேன். பொய் சொல்லவில்லை. நீ அண்ணியிடம் சொல்லி வருத்தப்பட்டதை அவள் என்னிடம் சொன்னாள். அதைத்தான் சொன்னேன். பத்திரிகைக்காரர்களும் இருந்தார்கள்.

கூட்டம் முடியவில்லை, இன்னொரு நாளுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

நீ எனக்காக நிறுத்த மாட்டேன் என்றாய். நானும் உனக்காக நிறுத்த மாட்டேன். அந்தக் கூட்டிலிருந்து நீ விலகும்வரை இந்த வீட்டுக்கு வர வேண்டாம். வந்தாலும் நாம் பேச ஒன்றும் இல்லை.

அண்ணன்


மார்ச் 26

அண்ணா,

நீ பேசியது பத்திரிகையில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார்.

அண்ணியிடம் நான் சொன்னது ஒரு நோயாளியைப் பற்றி. அந்த மனிதரின் காயத்தைக் கழுவிவிட்டு வந்த அன்று, மனசு தாங்காமல் சொன்னது. அதை எடுத்து மேடையில் வீசியிருக்கிறாய். பொய் சொல்லவில்லை என்கிறாய். சீழ் வைத்தது உண்மை. துணியால் வைத்தது என்று உனக்கு யார் சொன்னார்கள்? இன்னும் எனக்கே தெரியாது. பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். துணி கவுன்களை நிறுத்திவைத்துவிட்டார்கள். நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "துணியில குறை இருக்கலாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சிஸ்டர். எல்லாருக்கும் நல்லது" என்றார்.

"இருக்கலாமான்னு எனக்குத் தெரியலையே சார். தெரியாததுல எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றேன்.

"அப்ப தியேட்டர்ல இருக்க முடியாது."

"சரி சார். எங்க இருக்கணும்?"

இப்போது வெளி நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். தியேட்டரில் என் கீழ் வேலை பார்த்த பெண்கள் அந்தப் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். நான் குனியவில்லை. எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். டோக்கன் வாங்க வருகிறவர்களுக்கு நான் இறக்கப்பட்டவள் என்று தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், இந்த ஜன்னலில் இப்போது வரிசை சீக்கிரம் நகர்கிறது என்பதுதான்.

துணிதான் காரணம் என்று பரிசோதனை சொன்னால், நானே எழுந்து நின்று, நான் கொண்டுவந்த துணியால் ஒருவருக்குக் கெடுதல் வந்தது என்று சொல்வேன். அதுவரை ஒரு வரியும் எழுத மாட்டேன். நீ சொன்னாலும் சரி, அவர்கள் சொன்னாலும் சரி.

வீட்டுக்கு வர வேண்டாம் என்றாய். வரவில்லை. சிட்டுவிடம் மட்டும் அத்தைக்கு வேலை அதிகம் என்று சொல்லிவிடு. வேறு காரணம் சொல்லாதே.

தங்கை


ஏப்ரல் 19

அண்ணா,

நீ பதில் போடவில்லை. போட மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன், உனக்கு முன்னறிவிப்பு தர வேண்டியிருக்கிறது.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. துணியில் ஒன்றும் இல்லை. சர்ஜன்கள் கை கழுவுகிற அறையில் ஒரு குழாயின் மூக்கில்தான் அந்தக் கிருமி இருந்திருக்கிறது. எத்தனை காலமாகவோ. டிரைவரின் காயத்திலும் அதே கிருமி. தூக்கி எறிகிற கவுன் போட்டிருந்தாலும் அவருக்கு வந்திருக்கும். குழாய்களை எல்லாம் மாற்றுகிறார்கள்.

அந்த டிரைவர் போன வாரம் காயம் ஆறி, காட்டிவிட்டுப் போக வந்தார். என் ஜன்னலில்தான் டோக்கன் வாங்கினார். அடையாளம் கண்டுகொண்டு, "நீங்க என்ன இங்க?" என்றார். உங்களால்தான் என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவருக்கு என்ன தெரியும்.

முடிவு வந்ததும் நிர்வாக அதிகாரி என்னைத் திரும்பத் தியேட்டருக்கு வரச் சொன்னார். துணி விஷயத்தைக் கொஞ்ச காலம் ஆறப் போடலாம், பெயர் கெட்டுவிட்டதல்லவா என்றார். துணி வராவிட்டால் நானும் வரவில்லை, ஜன்னலே வசதியாக இருக்கிறது, காற்று வருகிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். இவரிடம் சொன்னபோது, "சம்பளம் ரெண்டுக்கும் ஒண்ணுதானே, விடு" என்றார். அவருக்கு அவ்வளவுதான்.

மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? பெரிய சர்ஜன் துணி கவுனைப் போட்டுக்கொண்டு, குல்லாயோடு, நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போய் எதிரில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னாலேயே மயக்க டாக்டர். அப்புறம் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஹெட் நர்ஸ், கண் ஆஸ்பத்திரியிலிருந்து இருவர். சலவை ஆலை முதலாளியம்மா வெளுத்த கவுன் மூட்டையை மேஜை மேலேயே வைத்து, "எந்த ஆய்வுக்கூடத்துக்கு வேணும்னாலும் அனுப்புங்க" என்றாராம். நான் ஜன்னலில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. திங்கட்கிழமையிலிருந்து துணி வருகிறது. நானும் தியேட்டருக்குப் போகிறேன்.

இனி முன்னறிவிப்பு. தள்ளிவைத்த கருத்துக் கேட்புக் கூட்டம் மே இரண்டாம் தேதி. நான் வருகிறேன். உன் இரண்டாவது உலையை எதிர்த்துப் பேசப் போகிறேன். உன் தங்கை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவேன். நீ பாலத்துக்குக் கீழே அள்ளியதையும் சொல்வேன். அதற்குப் பிறகு, இந்த உலை வேண்டாம் என்றும் சொல்வேன்.

உன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் போவதால்தான் முதலில் உன்னிடம் சொல்கிறேன்.

தங்கை


மே 4

ராங்கிக்கு,

கூட்டத்தில் நீ பேசினாய். பேசிவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சிட்டு மூலமாக அண்ணி எழுதச் சொல்கிறாள். எழுதாவிட்டால் அவள் என்னோடு பேச மாட்டாள். மார்ச்சிலிருந்தே பேசவில்லை. காபி டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் அன்றைக்கு அவள் கோபம் எவ்வளவு என்று புரிந்துகொள்கிறேன்.

நீ போனதும் உலைக் கம்பெனியிலிருந்து வந்த ஆள் எழுந்தான். எனக்கு ஆதரவாகப் பேச வந்தவன். "ரத்தம் துடைக்கிற பொம்பளைக்கு உலையப் பத்தி என்ன தெரியும்?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து அப்படி வந்ததோ, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

"அந்த ரத்தத்துணியத்தான்யா நான் இத்தனை வருஷமா எரிச்சிட்டு இருக்கேன். துடைக்கிறவளுக்குத் தெரியாதது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உக்காரு."

அவன் உட்கார்ந்துவிட்டான். எழுந்தது எழுந்தாயிற்று என்று இன்னொன்றும் சொன்னேன். போன கூட்டத்தில் பஸ் டிரைவரைப் பற்றி நான் சொன்னதைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள், அது குழாயால் வந்தது, துணியால் இல்லை, வீட்டுப் பேச்சை நான் வெளியே கொண்டுவந்திருக்கக் கூடாது என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "எழுதுங்க சார்" என்றேன். எழுதினார்.

இதற்காக நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்கப்புறம் அரை மணி நேரம் என் உலைக்காகப் பேசினேன். நீ சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது. கடைசியில், ஆஸ்பத்திரிகளிலிருந்து இனி எவ்வளவு குப்பை வரும் என்று தெரியாமல் உரிமம் கொடுக்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். அதாவது, நீ ஜெயித்தாய். நான் மேல்முறையீடு செய்யப் போகிறேன். அதையும் உன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

இனி என் முறை. திரும்பி வரும்போது வண்டியை அந்தச் சலவை ஆலைப் பக்கம் விட்டேன். யாரையும் கேட்கவில்லை. பின்சுவரை ஒட்டி நடந்து போனேன். அங்கே ஒரு குழாய் இருக்கிறது. உன் கவுன்களைத் துவைத்த தண்ணீர், ஆவி பறக்க, நுரையோடு நேராக வாய்க்காலில் விழுகிறது. நாற்பது அடிக்கு அந்தக் கரையில் புல் இல்லை. மூக்கு தாங்காத மருந்து வாடை.

என் புகையைப் பற்றி ஊரையே கூட்டிப் பேசினாயே. இந்தத் தண்ணீரைப் பற்றி யார் பேசுவது? என் புகைபோக்கியை வந்து சோதிக்க ஆட்கள் இருக்கிறார்கள். உன் வாய்க்காலைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்? உன் கூட்டில் ஒருவரும் பின்சுவர்ப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை என்று நான் அடித்துச் சொல்வேன். நல்லது செய்கிறவர்கள் எல்லாரும் முன்வாசல் வழியாகத்தான் போகிறார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் விட்டாயானால், அடுத்த கூட்டத்தைக் கூட்டுவது நானாக இருப்பேன்.

சிட்டு முதல் வகுப்பில் தேறிவிட்டாள். உன்னிடம் தானே சொல்ல வேண்டுமாம், அதனால் உனக்குத் தெரியாத மாதிரி இரு.

அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்த அன்றே, டியூட்டி முடிந்ததும் சலவை ஆலைக்குப் போனேன். முன்வாசல் வழியாகப் போகவில்லை.

நீ சொன்னது எல்லாம் உண்மை. புல் இல்லாத இடம் நீ எழுதியதைவிட நீளம். செருப்பைக் கழற்றி அந்தத் தண்ணீரில் காலை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. பைகளை எண்ணினேன், கவுன்களை எண்ணினேன், தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முதலாளியம்மாவிடம் நேராகக் கேட்டேன். ஹோட்டல் விரிப்பு வெளுத்த காலத்திலிருந்து அப்படித்தான் போகிறது, யாரும் கேட்டதில்லை என்றார். கோபப்படவில்லை. "யாரு உங்களுக்குச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். எங்கள் அண்ணன் என்றேன். "உலைக்காரரா?" என்றார். ஆமாம் என்றேன்.

நேற்று எங்கள் கூட்டுக் குழுவில் இதை எழுப்பினேன். இப்போதுதான் பெயர் திரும்பியிருக்கிறது, மறுபடி ஒரு வம்பு எதற்கு, அமைதியாகச் சரிசெய்துகொள்ளலாமே என்றார் நிர்வாக அதிகாரி. மற்றவர் புகையைக் கூட்டம் போட்டுப் பேசிவிட்டு, நம் தண்ணீரைக் கதவைச் சாத்திக்கொண்டு பேச என்னால் முடியாது என்றேன். தண்ணீர் சுத்தமாகும்வரை கண் ஆஸ்பத்திரியில் புதிதாகத் துணிக்கு மாற்ற நினைத்த வார்டுகளைச் சேர்க்காமல் நிறுத்திவைத்திருக்கிறோம். துணியை விடப் போவதில்லை. தண்ணீர் விஷயத்தையும் விடப் போவதில்லை. நீ மேல்முறையீடு செய்துகொள், அங்கேயும் வந்து எதிர்த்துப் பேசுவேன்.

அந்த ஆளை நீ உட்கார வைத்ததை அண்ணியும் போனில் சொன்னார். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

பதினாறாம் தேதி, மாலை நாலு மணிக்கு, தியேட்டருக்கு மேல் மாடியில் குழு கூடுகிறது. வாய்க்காலில் நீ பார்த்ததை நீயே வந்து சொல்ல வேண்டும். என் அண்ணன் என்று யாரும் உன்னைத் தாங்க மாட்டார்கள். நீ உலைப் பேச்சை எடுத்தால் அங்கேயே மறுப்பேன். கூட்டாளியாக வா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. எங்களோடு ஒத்துப்போக ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒத்துப்போகாத ஓர் ஆள்தான் எங்களிடம் இல்லை.

சண்டை போட வா. நாற்காலியை எனக்கு நேர் எதிரே போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை